மஞ்சள் விளக்கு யார் கொடுத்த புகார்?

ஓசூரில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் ஐந்து நொடியில் முடியும் சோதனை ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்புங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் வண்டி சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கின் வாயை யாரோ அடைத்திருக்கலாம்.

அசோக் லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் பைக்குகளும் உருவாகும் ஊர் இது. கேஏ 51 பலகை போட்ட பெங்களூரு கார்களும் டிஎன் 70 பலகை போட்ட உள்ளூர்க் கார்களும் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்க வருகிறவர் இரண்டு கேள்வி கேட்பார்: லைட் எரியுதா, மைலேஜ் எவ்வளவு? இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று நினைப்போம். ஆனால் அந்த விளக்கைக் கண்டுபிடித்தது பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல, புகையைக் கட்டுப்படுத்த. புகைமூட்டத்தோடு பல ஆண்டுகள் போராடிய கலிஃபோர்னியா, கார் தன்னைத் தானே சோதித்துச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஓபிடி எனப்படும் இந்தத் தற்சோதனை முறையின் இரண்டாம் தலைமுறை, 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.

என்ஜின் என்ன சமைக்கிறது என்று பார்த்தால்தான் இந்தச் சோதனையின் அருமை புரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று. மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் ஒன்பது நிறைய! காற்று குறைந்தால் பெட்ரோல் எரியாமல் புகையாகப் போகும். கூடினால் என்ஜின் திணறும்.

இந்த விகிதம் சரியா என்று பார்ப்பது, சைலன்ஸர் குழாயில் திருகியிருக்கும் விரல் அளவு ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் உருவாக்கி 1976-இல் வால்வோ காரில் முதன்முதலாகப் பொருத்தியது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான் வகை. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அந்தப் பீங்கானே மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். எவ்வளவு கூடுதல் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கூடுதலா குறைவா என்று மட்டுமே சொல்லும்.

அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே காரின் கணினியான ஈசியூ காரியத்தை முடிக்கிறது. 'குறைவு' என்றால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். 'கூடுதல்' என்றதும் குறைக்கும். வண்டி ஓடும் நேரமெல்லாம் இந்த இழுபறி நடக்கிறது. நாள்போக்கில் 'இந்த வண்டிக்கு எப்போதும் 5 சதவீதம் கூட்டித்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது' என்று அது கற்றுக்கொண்டு குறித்தும் வைக்கிறது. மெக்கானிக்குகள் ஃப்யூயல் ட்ரிம் என்று சொல்லும் எரிபொருள் திருத்தம் இதுதான். பூஜ்யத்துக்கு மேலும் கீழும் பத்து வரை இருந்தால் கவலையில்லை. இருபது, இருபத்தைந்தைத் தாண்டினால் ஈசியூ கையை விரித்துவிடும். பெரும்பாலும் முதல் தடவையிலேயே விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும்.

எம்ஏஎஃப் சென்சார், அதாவது உள்ளே போகும் காற்றை நுழைவாயிலிலேயே அளக்கும் சென்சார் கொண்ட கார் ஒன்று ஒர்க்ஷாப்புக்கு வருகிறது என்று வையுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று வருகிறது: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. புகார் கொடுத்தது ஆக்சிஜன் சென்சார். அவசரக்காரர் அதையே கழற்றி மாற்றுவார். இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரியும். விவரமானவர் திருத்த எண்ணைப் பார்ப்பார். ஐட்லிங்கில் கூட்டல் 22. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் கூட்டல் 4. இந்த இரண்டு எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். எம்ஏஎஃப் சென்சாருக்குத் தெரியாமல், வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் என்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று, அதனால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகத் தெரிகிறது. வேகத்தில் அது கணக்கிலேயே வராது. இதுவே ஐட்லிங்கில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க எண் ஏறினால், பெட்ரோல் பம்ப்பையோ அடைத்துப்போன ஃபில்டரையோ பார்க்க வேண்டும்.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அது அவசரம்; ஒரு சிலிண்டர் 'மிஸ்ஸிங்' அடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் விதம் இன்னும் அழகு. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தில் பெரும்பாலும் 60 பல்லுக்கு இடமிருக்கும்; அடையாளத்துக்காக இரண்டு பல்லை விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால் சக்கரம் துளி வேகம் குறையும். ஈசியூ அந்தத் துளியைப் பிடித்து, எந்த சிலிண்டர் என்றும் சொல்லிவிடும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். புகையின் நஞ்சை முறிக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்த வினையூக்கி, சூட்டில் உருகியே போகலாம். ஆகவே மின்னும் விளக்கோடு வண்டியை விரட்டக் கூடாது.

விளக்கே எரியாமல் மைலேஜ் மட்டும் விழுந்தால்? பிரேக் பிடித்தபடியே சுற்றும் சக்கரத்தையோ காற்று குறைந்த டயரையோ பற்றி இந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு காரணம் நம் ஊர்ப் பழக்கம். வண்டி ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடானதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். 80, 90 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாத கார், ஓசூரின் மார்கழிக் குளிரில் சரியான சூட்டுக்கு வரவே வராது. ஆயில் கெட்டியாகவே கிடக்கும், 'என்ஜின் இன்னும் சூடாகவில்லை' என்று ஈசியூ பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். பழைய கார்கள் பலவற்றில் இதற்கு விளக்கு எரியாது.

பெட்ரோலே மாறியதும் ஒரு காரணம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் குறைவு. பழைய பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. எத்தனாலுக்குக் காற்றும் குறைவாகவே வேண்டும் என்பதால் ஈசியூ திருத்தத்தைத் தானாகக் கூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே காற்று கசியும் வண்டி, இந்தக் கூடுதலால் எல்லையைத் தாண்டி விளக்கைப் போட்டுவிடலாம்.

பாதையும் ஏமாற்றும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வந்தால் 50 கிலோமீட்டரில் 350 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஆளோடு 1,200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே சுமார் அரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். திரும்பி இறங்கும்போது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஈசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும்; இறக்கமே என்ஜினைச் சுற்றுகிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் போடுகிறவருக்குத்தான், என்ஜின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது, பிரேக்கும் தேய்கிறது. ஒரு வழி மட்டும் ஓட்டிச் சொல்லும் மைலேஜை நம்பாதீர்கள்.

கடைசியாக, விற்பவரின் தந்திரம். மலிவான ஸ்கேனராலேயே பி0171 போன்ற கோளாறுக் குறியீடுகளை அழித்து விளக்கை அணைத்துவிட முடியும். ஆனால் அழித்தால் அழித்த தடம் விழும்படி இந்த முறையை வடிவமைத்திருக்கிறார்கள். அழித்த கணமே தற்சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல கார்கள் எண்ணி வைக்கும். 'பத்து வருஷமாக ஒரு கோளாறும் இல்லை' என்கிறவரின் வண்டியில் அந்த எண் 12 என்று இருந்தால், விளக்கை நேற்றோ இன்றோ அணைத்திருக்கிறார் என்று பொருள்.

வாதம் செய்ய வேண்டாம். காலையில் குளிர்ந்த என்ஜினோடு புறப்பட்டு கிருஷ்ணகிரி வரை போய் வரலாமா என்று கேளுங்கள். குளிர்ந்த தொடக்கம், நெடுஞ்சாலையில் சீரான வேகம், கால் எடுத்த இறக்கம், முக்கி ஏறும் ஏற்றம் என்று சோதனைகளுக்கு வேண்டிய சூழல் பெரும்பாலும் அந்த நூறு கிலோமீட்டரில் கிடைத்துவிடும். திரும்பியதும் ஸ்கேனரை மறுபடி செருகுங்கள். சோதனைகள் 'முடிந்தது' என்று மாறி, விளக்கு போடும் நிலைக்கு வராமல் காத்திருக்கும் குறியீடும் இல்லை என்றால் விலை பேசத் தொடங்கலாம்.