கூடிப் பயிலும் ஆங்கிலம்

1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்றது முதல் புதுச்சேரிப் பள்ளிகளில் படிப்படியாகச் செல்வாக்குப் பெற்றுவந்த ஆங்கிலம், அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்தியப் பாடத்திட்டத்தை மேற்கொண்டபின், வேறொரு கோலத்தில் மாணவர் முன் நிற்கிறது. இருவராய்ப் பேசுங்கள், குழுவாய் விவாதியுங்கள் என்று பாடத்துக்குப் பாடம் சொல்லும் புத்தகங்களே இப்போது அவர்கள் கையில். இந்தக் கூட்டுப் பயிற்சி பிடித்திருக்கிறதா என்று உபாத்தியாயர் கேட்டால் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடுவதற்கில்லை.

பெஞ்சைத் திருப்பிப் போட்டு நால்வராய் அமர்ந்த குழுவைச் சற்றே கவனித்தால் காரணம் விளங்கும். ஆங்கிலம் சரளமாக வரும் ஒருத்தி பேனாவை எடுத்துக்கொள்வாள். இருவர், "நீயே எழுதுடி" என்று பொறுப்பை அவளிடம் ஒப்படைப்பார்கள். நாலாமவள் ஸ்கெட்ச் பேனாவால் சார்ட்டுக்குக் கரை கட்டுவாள். டீச்சர் அருகில் வந்தால் ஆங்கிலம், நகர்ந்தால் தமிழ்.

அண்டையிலுள்ள கடலூரிலும், சென்னை, பெங்களூர் நகரங்களிலும் 1979 முதல் 1984 வரை ஆங்கிலப் போதனையில் ஒரு பரிசோதனையை நடத்திய என். எஸ். பிரபு, இலக்கண விதிகளை ஒதுக்கி வைத்து, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடுவதுபோல் விடை காணச் சொல்லி உலகப் பிரசித்தி பெற்றவர். அவரோ குழுவேலையை வேண்டுமென்றே தவிர்த்தார். முதற் கணக்கை வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து போடும். அடுத்ததை அவரவர் தனியே போட வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதும் கேளாததும் அவரவர் இஷ்டம். அரைகுறை ஆங்கிலம் பேசுவோர் தமக்குள்ளேயே பேசிப் பிழைகளை நிலைநிறுத்திக்கொள்வர் என்பது அவர் கூறிய ஒரு காரணம். ஆசிரியர் முன் தவறுவதைக் காட்டிலும் சகபாடிகள் முன் தவறுவதே சிலருக்குப் பெரிய அவமானம் என்பது மற்றொன்று. இரண்டாவதே எனக்குக் கனமானதாகத் தோன்றுகிறது.

கூடிக் கற்பது நமக்கு அந்நியமன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொன்னான். சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல் பாதிரியார், மணலில் எழுதும் முறையை இந்நாட்டுப் பள்ளியில் கண்டு கைக்கொண்டு, பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு உபாத்தியாயராக்கி, அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. ஆனால் பெரியவனிடம் சின்னவன் கேட்பதில் கூச்சமில்லை. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே மதிப்பெண் என்று வரும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது.

இந்தச் சங்கோசத்தைத் தணிக்க உபதேசம் உதவாது. வேலையை அமைக்கும் விதம் உதவும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலின் நேரத்தை ஒருத்தியிடமும், விழுப்புரத்திலிருந்து மதுரை வண்டியின் நேரத்தை வேறொருத்தியிடமும், கட்டணத்தை மூன்றாமவளிடமும், பயணி மதுரை சேரவேண்டிய நேரத்தை நாலாமவளிடமும் தனித்தனி அட்டையில் கொடுத்துவிட்டால், எவளும் வாய் திறவாமல் இருக்க முடியாது. நாற்பது பேர் வகுப்புக்கு அப்படிப் பத்துக் கட்டு அட்டைகள் வேண்டும்; அது ஓர் ஆசிரியர் தனியே செய்துமுடிக்க எளிய வேலையன்று. இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்று பாடம் நடத்துவதைக் காட்டிலும், முந்தின நாள் மாலை சேர்ந்து உட்கார்ந்து அவற்றை எழுதுவதே உருப்படியான கூட்டுப் போதனை என்பது என் அபிப்பிராயம்.