ஸ்மாக், பிரெக்ஸிட், கோலிவுட்: ரெண்டு சொல் கலந்து ஒரு சொல் பிறப்பது எப்படி?

‘பிரேக்ஃபாஸ்ட்’டும் ‘லன்ச்’சும் சேர்ந்தால் ‘பிரன்ச்’. ‘பிரிட்டன்’ ‘எக்ஸிட்’ ஆனால் ‘பிரெக்ஸிட்’. கோடம்பாக்கமும் ஹாலிவுட்டும் கலந்தால் ‘கோலிவுட்’. இப்படி உருவாகும் சொற்களைக் கலப்புச் சொற்கள் என்கிறார்கள்.

கூட்டுச் சொல்லும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ‘தொலைபேசி’யில் ‘தொலை’, ‘பேசி’ ரெண்டுமே முழுசாக இருக்கின்றன. அது கூட்டுச் சொல். கலப்புச் சொல்லில் பெரும்பாலும் முதல் சொல்லின் தலையும் அடுத்த சொல்லின் வாலும் மட்டுமே மிஞ்சும். ஆங்கிலத்தில் இதற்கு ‘போர்ட்மான்டோ’ என்று பெயர். ரெண்டு பாதியாகத் திறக்கும் பெட்டி என்று பொருள். 1871-ல் வெளியான நாவலில் லூயிஸ் கரோல் இந்த உவமையைச் சொன்னார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

எதற்காகப் புதுச் சொல்?

இருக்கிற சொற்கள் போதாதபோது. லண்டனின் நிலக்கரிப் புகையும் (ஸ்மோக்) மூடுபனியும் (ஃபாக்) கலந்ததை, மக்கள் ரொம்ப காலம் வெறும் ‘ஃபாக்’ என்றே சொல்லிவந்தார்கள். 1905-ல் டெ வூ என்ற மருத்துவர், பொது சுகாதார மாநாடு ஒன்றில் அதை ‘ஸ்மாக்’ என்று குறிப்பிட்டார். பனி இயற்கை, அதை யாரும் தடுக்க முடியாது. புகை மனிதன் கிளப்புவது, அதைக் குறைக்கலாம். அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஆனால், பெயர் வைத்தால் மட்டும் புகை குறைந்துவிடாதே! 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் ஸ்மாக் மூடியது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. தூய காற்றுச் சட்டம் வந்தது 1956-ல்தான்.

தமிழில் உண்டா?

‘தங்கிலீஷ்’ எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொற்களைக் குறுக்கி இணைப்பது தமிழுக்குப் புதுசு கிடையாது. ஆதன் தந்தை ‘ஆந்தை’ ஆனதும், பூதன் தந்தை ‘பூந்தை’ ஆனதும் பழந்தமிழ் வழக்கு. இதற்குத் தொல்காப்பியமே விதி சொல்கிறது. திருக்கோவிலூர் வட்டாரத்தின் பழம்பெயரான ‘மலாடு’, மலையமான் நாடு என்பதன் சுருக்கம். ஒரு வித்தியாசம்: இவை பேச்சுவழக்கில் தேய்ந்து உருவானவை, ‘ஸ்மாக்’ தெரிந்தே செய்யப்பட்டது.

எந்தச் சொல் நிலைக்கும்?

கேட்டதும் ரெண்டு மூலச் சொற்களும் பிடிபட வேண்டும். வாயில் சுலபமாக வர வேண்டும். முக்கியமாக, அதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும். போகி அன்று அதிகாலையில் சென்னையில் எதிரே வரும் வண்டி தெரியாதபோது, ‘இன்னைக்குப் பனி ஜாஸ்தி’ என்பவர்கள் இப்போதும் உண்டு. ‘பனிப்புகை’ என்று சொன்னால், அதில் பாதி நாம் கொளுத்தியது என்பதும் சேர்ந்தே புரியும்.