கற்ற இடத்திற்குக் கைம்மாறு

யாரோ ஒரு நல்லவர் தந்த உதவித்தொகையால் கல்லூரிப் படியேறி, பட்டம் பெற்று, இன்று வசதியோடு வாழ்வோர் நம்மிடையே பலர் உளர். தாம் பயின்ற அதே கல்விக்கூடத்தில் கட்டணம் செலுத்த வழியின்றித் தவிக்கும் மாணவனுக்கு அவர்கள் செய்ய வேண்டியது என்ன? அலிகர் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் 1875-இல் அங்கே பள்ளியைத் தொடங்கினார்கள்; 1877-இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அதற்காக அவர்கள் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார்கள். தள்ளாத வயதில் மேடையேறவும் தயங்கவில்லை. பொருள் தந்தோரின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். கட்டடம் எழ அது தேவையாயிருந்தது. ஆனால், அக்கட்டடத்துள் வந்து அமர வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

அப்பொறுப்பைத் தோளில் ஏற்றவர்கள் அங்குப் பயின்ற மாணவர்களே. ஸாஹிப்ஸாதா ஆஃப்தாப் அஹ்மத் கான் முன்னின்று, 1890-ஐ ஒட்டி ஒரு சங்கம் கண்டார்கள். விடுமுறை நாட்களில் மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று நிதி சேர்த்தார்கள். சங்கத்தின் பெயர் 'அன்ஜுமன் அல் ஃபர்ள்', அதாவது கடமைச் சங்கம். பெயரைக் கவனித்தீர்களா? 'கைராத்' என்று அவர்கள் சூட்டவில்லை. மார்க்கச் சட்டத்தில் இதனைத் தொழுகை, நோன்பு போன்ற தனிமனித ஃபர்ளு என்று நாம் கூற மாட்டோம். எனினும், பெற்ற கல்வியைக் கடனாகக் கருதிய அவ்விளைஞர்களின் உள்ளம் போற்றத்தக்கது. 1920-இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. 1924-இல் அதே ஆஃப்தாப் அஹ்மத் கான் அதன் துணைவேந்தராய் அமர்ந்தார்.

இப்போது சட்ட விஷயத்திற்கு வருவோம். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திக்கொண்டு விளைச்சலைத் தருமம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக்கப்படாது, வாரிசுகளுக்கும் போகாது. பழைய மாணவர் சிலர் கூடி ஒரு கடையையோ வீட்டையோ வக்ஃபு செய்து, அதன் வாடகையை ஆண்டுதோறும் உதவித்தொகையாக வழங்கினால் அதுவும் இவ்வகையே. ஸதக்கா ஜாரியா ஆகும்.

ஜகாத் பணம் வேறு. அது ஏழையின் உடைமையாகக் கைசேர வேண்டும் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. ஆகவே அதனைக் கட்டட நிதியில் போடாதீர்கள். மூலதனமாக முடக்கவும் வேண்டா. வறிய மாணவனிடமே கொடுத்துவிடுங்கள். அவனுடைய வறுமையே அவனுக்குத் தகுதி. திருப்பித் தர விரும்பும் ரோஷமுள்ள பிள்ளையாயின், 'கர்ளன் ஹஸனா'வாக, வட்டியின்றிக் கொடுக்கலாம். பின்னர் அவனுக்கு நெருக்கடி வந்தால் அவகாசம் தருவதும், விட்டுக்கொடுப்பதும் திருமறை காட்டும் முறை.

மற்றொன்று என் நெஞ்சை உறுத்துகிறது. ஆண்டு விழாவில் அம்மாணவனை மேடைக்கு அழைத்து, உறையைக் கையில் கொடுத்து, புகைப்படம் எடுக்கிறார்கள். சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்ற இறைவனின் எச்சரிக்கை இங்கே மறந்துபோகிறது. நீங்கள் பயின்ற கல்லூரிக்குப் பணம் அனுப்பும்போது, உடன் வைக்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: பெறும் மாணவனின் பெயரை எங்கும் அறிவிக்க வேண்டாம், உங்களுக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று.