நியூசிலாந்தின் போர்ச் சிறுநூல்கள்

இரண்டாம் உலகப் போரில் தன் நாட்டவர் ஆற்றிய பங்கை எழுதிவைக்க முனைந்த நியூசிலாந்து அரசு, இத்தாலியின் காசினோ போர்முனையில் கண்ணிவெடியால் இரு பாதங்களையும் இழந்த படைத்தலைவர் ஹோவர்ட் கிப்பன்பெர்கரை 1946இல் அப்பணியின் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்த்தியது. பெருநூல்கள் எழுதி முடியப் பல ஆண்டுகள் பிடித்த நிலையில், 1948 முதல் 1954 வரை 24 சிறுநூல்கள் நிழற்படங்களுடன் வெளிவந்தன. ஒரு சண்டை, ஒரு கப்பல் அல்லது ஒரு வகை அனுபவம் என்ற அளவிலேயே ஒவ்வொன்றும் நின்றதால், போர்க்கலை அறியாத வாசகரும் அவற்றைத் தயக்கமின்றிப் படிக்க முடிந்தது.

எஸ். டி. வாட்டர்ஸ் எழுதிய சிறுநூல் ஒன்று, ‘அக்கிலீஸ்’ என்னும் குரூசர், அதாவது விரைந்து செல்லும் நடுத்தரப் போர்க்கப்பல், 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு அப்பால் நிகழ்த்திய போரை விவரிக்கிறது. ஜெர்மனியின் ‘கிராஃப் ஸ்பே’ போர்க்கப்பல் 11 அங்குலப் பீரங்கிகளைக் கொண்டிருக்க, 6 அங்குலப் பீரங்கிகளே இருந்த அக்கிலீசும் பிரிட்டிஷ் குரூசர் அஜாக்சும் ஒருபுறமும், 8 அங்குலப் பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் குரூசர் எக்சிட்டர் மறுபுறமும் பிரிந்து தாக்கி, எதிரியின் குண்டுவீச்சை ஓரிலக்கில் குவியவிடாமல் சிதறடித்தன. சேதமுற்று மான்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கிய ஜெர்மானியக் கப்பலை, நான்கு நாள்களில் அதன் தலைவர் லாங்ஸ்டார்ஃபே தகர்த்து மூழ்கடித்தார். இச்சிறுநூல் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே அக்கிலீஸ் இந்தியக் கடற்படையில் ‘டெல்லி’ என்ற பெயருடன் சேர்ந்தது. போரில் அக்கப்பலை நடத்திய பாரி, 1948 முதல் 1951 வரை இந்தியக் கடற்படைக்கே தலைமை தாங்கினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எனினும், இவ்வரிசையின் தனிச்சிறப்பு வெற்றிக் கதைகளில் இல்லை. கிரீட் தீவிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் சிறைபட்ட வீரர்களின் நிலையை மறைக்காமல், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியவற்றின் பிடியிலிருந்த கைதிகளுக்கென மூன்று நூல்களும், காயமுற்றோருக்கும் பெண்களுக்கும் தனித்தனி நூல்களும் ஒதுக்கப்பட்டன. அரசு வெளியிடும் போர் வரலாறு தோல்வியையும் துன்பத்தையும் இவ்வளவு நேர்மையாக ஏற்பது அரிது. பசிபிக் தீவுகளில் தங்கி எதிரிக் கப்பல்களின் நடமாட்டத்தை வானொலியில் அறிவித்த கரையோரக் கண்காணிப்பாளர்களைப் பற்றிய நூலும் அத்தகையதே. அவர்களுள் 17 பேரை 1942 அக்டோபரில் தராவா தீவில் ஜப்பானியர் கொன்றனர்.