பொதிகையின் மேலைச் சாரலில் நம்மவர்

அயல்நாடு சென்ற தமிழர் என்றவுடன் நம் நினைவு இலங்கை, மலேயா, பர்மா, பிஜி எனக் கடல் கடந்தே செல்கின்றது. கப்பல் ஏறாமல், ஒரு மலையின் மறுபுறம் இறங்கியே அயல்வாழ்வை எய்தியவர்களை நாம் எண்ணுவது அரிது. அத்தகையோர் வாழும் ஊர்களுள் ஒன்று போனக்காடு.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு ஏறுவோர் இங்கிருந்துதான் நடையைத் தொடங்குகின்றனர். அம்மலையின் கீழைச் சரிவில் பொருநை பிறந்து நெல்லைச் சீமையின் வயல்களை வளர்க்கின்றது. மேலைச் சரிவில் பிறக்கும் கரமனை ஆறு பேப்பாறை அணையில் தேங்கித் திருவனந்தபுரத்து மக்களுக்குக் குடிநீர் ஆகின்றது. தமிழ் முனிவர் பெயர் தாங்கிய மலை இரு நாட்டார்க்கும் தாயாக நிற்கின்றது.

வந்த வழி

வெள்ளையர் இம்மலைச் சாரலில் காடு திருத்தித் தேயிலை நட்டபொழுது, உழைக்கும் கைகளைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே தேடினர். தென்னாட்டு மலைத்தோட்டங்கள் பலவற்றுக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தவர் கங்காணிமார். கங்காணி தம் ஊராரையும் உறவினரையும் முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். அம்முன்பணமே பின்னர்க் கடனாகித் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்து வைக்கும். வறட்சியும் வட்டியும் ஊரைவிட்டுத் துரத்தின. மலையோ கூலியும் கூரையும் காட்டி அழைத்தது.

புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புகைவண்டி ஓடியதோ 1979ஆம் ஆண்டில்தான். ஆகவே நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தோர் பல்லாண்டுக் காலம் பேருந்திலும் கால்நடையாகவுமே வந்து சேர வேண்டியிருந்தது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் முன்னர்த் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அங்கிருந்து மலையேறியவர், ஒரே அரசின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சென்றவரே ஆவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவ்வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபொழுது, மலையில் இருந்தவர் ஓர் அடியும் எடுத்து வையாமலேயே வேற்று மாநிலத்தில் வாழ்பவர் ஆயினர்.

நாளும் உழைப்பும்

தேயிலைத் தோட்டத்தில் நாள் விடியுமுன்பே தொடங்கும். லயத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சியும் கட்டன் சாயாவும் ஆக்கிவைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காப்பகத்தில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டிப் பெண்கள் மலையேறுவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் எடை போடும்போது கணக்கப்பிள்ளை குறைப்பார். ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் அதே செடிக்குத் திரும்பி வராவிடில் கொழுந்து முற்றிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்துச் செய்தலும், மருந்து தெளித்தலும், தொழிற்சாலையில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தரம் பிரித்தலும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். நாம் காலையில் அருந்தும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னே அட்டைக்கடியும், மழையில் நனைந்த முதுகும், முள் கீறிய விரல்களும் உள்ளன.

மொழியும் நட்பும்

மலையில் வாழ்வோர்க்குச் சுற்றம் என்பது அடுத்த வீடே. ஒரே லயத்தில் ஒரு சுவருக்கு இப்பால் தமிழரும் அப்பால் மலையாளியரும் வாழ்வதுண்டு. மாரியம்மன் கொடையில் அவர்கள் வந்து நிற்பர். ஓணத்தன்று இவர்கள் இலையில் பாயசம் விழும். கிறித்துமசு இரவில் இரு வீட்டாரும் தேவாலயத்து வாயிலில் கூடுவர். சுற்றிலும் உள்ள காடுகளில் வாழும் காணிக்காரரும் தமிழும் மலையாளமும் கலந்த மொழியே பேசுவர். யானை நிற்கும் வழியை முன்கூட்டி உரைப்பவரும் அவர்களே.

பிள்ளைகளின் பேச்சிலோ இரு மொழிகளும் பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டன. ஊருக்குச் சென்றால், “நீ பேசுவது மலையாளம்” என்று அத்தை சிரிக்கிறார். விதுராச் சந்தைக்கு வந்தால், “தமிழர்” என்று கடைக்காரர் அடையாளம் கூறுகிறார். இரண்டு ஊரும் தமக்கு உரியவை என்று அப்பிள்ளை எண்ணுமாறு வளர்ப்பதே பெற்றோரின் கடன்.

ஆலை நின்ற பின்

போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலையின் பொறிகள் நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. செடிகள் காடாக வளர்ந்துள்ளன. லயங்களின் கூரைகள் ஒழுகுகின்றன. ஆயினும் சில குடும்பங்கள் அங்கேயே தங்கிக் கீழூர்களில் கூலிவேலை தேடி வாழ்கின்றன. “ஏன் இறங்கி வரவில்லை?” என்று கேட்போர் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தோட்ட உடைமையாளரே தர வேண்டும் என்று விதித்தது. அது நன்மையே. எனினும் வீடு வேலையோடு பிணைந்துவிட்டமையால், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை உண்டாயிற்று. முப்பது ஆண்டு உழைத்தவருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்லும் இல்லை. பணிக்கொடை கையில் வாராமல் வீட்டை ஒப்படைக்காதே என்பது தோட்டத்து முதியோர் கூறும் அறிவுரை. ஒழுகும் அந்தக் கூரைதான் அவர்கள் கையில் எஞ்சியுள்ள ஒரே பிடி.

அதே மலைத்தொடரின் கீழைச் சரிவில் உள்ள மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி சமீன் நிலத்தை 1929ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று எழுப்பிய தோட்டம் அது. குத்தகை 2028இல் முடிவதால், 2024ஆம் ஆண்டு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பெற்றுத் தொழிலாளர் மலையைவிட்டு இறங்க நேர்ந்தது. இருபுறமும் தேயிலை, இருபுறமும் தமிழர், இருபுறமும் சொந்த மனை இல்லாத முதுமை.

நாம் செய்யத்தக்கது

இரங்குதல் மட்டும் போதாது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இக்கணக்கே தொடர்கின்றது. நாளொன்றுக்கு 400 ரூபாய் பெற்றவர் 30 ஆண்டு உழைத்திருப்பின், அவருக்குரிய தொகை 1,80,000 ரூபாய். அவர் மறைந்துவிட்டாலும் வாரிசுகள் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் கேட்கலாம்.

இவ்விடத்தே தடையாக நிற்பது பெரும்பாலும் பெயர்தான். அலுவலகத்தில் பதிவேடு எழுதும் பணியில் நான் நாள்தோறும் காண்பது இது. நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். கேரளத்தில் வீட்டுப்பெயரை எழுதுவர். வருங்கால வைப்புநிதிச் சீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறொரு பெயர் என்றால் பணம் அப்படியே நின்றுவிடும். உழைக்கும் காலத்திலேயே இவற்றை ஒன்றாக்கிக் கொள்ளுங்கள். பழைய ஊதியச் சீட்டு, வைப்புநிதி எண், பணியிற் சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் பேணுங்கள். அப்பெட்டி இருக்குமிடத்தை மனைவி மக்களும் அறிந்திருக்கட்டும்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்ச் சிறுபான்மையோர் அரசுக்குத் தம் மொழியில் எழுத உரிமை தந்துள்ளது. படித்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு மலைக்குச் சென்று, முதியோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அதுவே சிறந்த தமிழ்த்தொண்டு. விழா எடுத்துத் தமிழை வாழ்த்துகிறோம். அத்தமிழ் ஒரு முதியவளுக்கு அவள் உழைத்த பணத்தை வாங்கித் தருமாயின், வாழ்த்துக்கு அதனினும் பொருள் வேறு உண்டோ?