வாசலில் ஒரு வாட்ச்மேன் போதுமா?

போன செமஸ்டரில் என் லேப் பாஸ்வேர்டை நண்பனிடம் சொன்னேன். அவன் அதைச் சீட்டில் எழுதி வைக்க, அது யார் கையிலோ சிக்க, என் புராஜெக்ட் ஃபைல் மொத்தமும் போச்சு! நண்பன் நல்லவன்தான். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் யார் வந்தாலும் கணினி நம்பிவிடுகிறதே, அதுதான் கோளாறு.

அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலும் இதே கதைதான். ஒப்பந்ததாரர் ஒருவரின் பாஸ்வேர்டோடு நுழைந்தவர்கள் சுமார் 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றது 2015-ல் தெரியவந்தது. அதில் 56 லட்சம் பேரின் கைரேகையும் அடக்கம். பாஸ்வேர்டை மாத்தலாம், விரலை மாத்த முடியுமா?

பழைய முறை நம்ம ஹாஸ்டல் மாதிரி. கேட்டில் வாட்ச்மேன் கேட்பார்; உள்ளே வந்துட்டா எந்த ரூமுக்கும் போகலாம். 'ஜீரோ டிரஸ்ட்' முறையிலோ ஒவ்வொரு ரூம் வாசலிலும் வாட்ச்மேன்! ஆள் யார், எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஃபைல் என்று ஒவ்வொரு தடவையும் சோதனை. அனுமதி உள்ள ஃபைல் மட்டுமே திறக்கும். பாஸ்வேர்டு மட்டும் போதாது. அடையாள அட்டையோ பாதுகாப்புச் சாவியோ கூட வேணும்.

2020-ல் கொரோனா வந்ததும் அங்கே அரசு ஊழியர்கள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். காவல் காக்க கேட்டே இல்லை! 2022 ஜனவரியில் அமெரிக்க அரசு, தன் துறைகள் 2024 செப்டம்பருக்குள் இம்முறையின் இலக்குகளை எட்டவேண்டும் என்று ஆணையிட்டது. 2025-ல் ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். அதனால் காவல் வேண்டாமா? வேண்டும்! அலுவலக மேஜையில் உட்கார்ந்தவரையும் கேள்வி கேட்பதுதானே இந்த முறை.

நண்பர்களே, நட்பை நம்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்!