கரண்டி பிடித்த கையும் கடல் கடந்த பட்டமும்

பேச்சிப்பாறை அணையைப் பாராத குமரி மாவட்டத்தார் உண்டோ? 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. கட்டிய பொறியாளர் யார் என்று கேட்டால், மிஞ்சின் என்று உடனே விடை வரும். அவரது கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கல் சுமந்தவன் யார், மண் சுமந்தவள் யார் என்று கேட்டுப் பாருங்கள், விடை வராது! அவர்களுக்குப் பெயர் இல்லையா? இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. உழைப்பு இவர்களுடையது, கணக்கு இன்னொருவருடையது. கணக்குப் போட்டவர் கடல் கடந்து வந்தார். கல் சுமந்தவர் காட்டோடு மறைந்தார்.

இன்று காட்சி மாறியிருக்கிறது. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. அதைக் காணச் செல்லும் கொத்தனார் வீட்டுப் பிள்ளை, "எப்படிக் கட்டினார்கள்?" என்று வியப்பதோடு நிற்பதில்லை, "நானும் கட்டுவேன்" என்கிறான். கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றுவிட்டான். கட்டுமான மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற, வெளிநாடு போக வேண்டும் என்கிறான்.

போகட்டும், தோழர்களே! அப்பன் வளைகுடாவுக்குக் கரண்டியோடு போனான்; மகன் கல்லூரிக்குப் புத்தகத்தோடு போகிறான். இதைவிட மகிழ்ச்சி நமக்கு ஏது? ஆனால் நாம் ஒன்று கேட்போம்: யார் பணத்தில்?

அப்பன் பாலைவன வெயிலில் சேர்த்து எழுப்பிய வீட்டின் பத்திரம், வட்டிக்கடைக்குப் போகிறதே! "பணத்தைக் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தரகன் தேன் தடவிப் பேசுகிறானே! அந்தத் தேனைத்தான் நாம் சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

பிரிட்டனில் பாடமுறை முதுநிலைப் படிப்புக்குப் போகும் மாணவர், 2024 சனவரி முதல் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல முடியாது. படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தங்கும் ஈராண்டுக் காலமும், 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறையும் என்று 2025-இல் அறிவித்தார்கள். தரகன் இதைச் சொன்னானா?

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். வீட்டை அடகு வைத்தா? பரோடா அரசின் உதவித்தொகையில்! டாக்காவில் கணித ஆசிரியரின் மகனாகப் பிறந்த பஸ்லூர் ரகுமான் கான், 1952-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார், அதுவும் உதவித்தொகையில்தான். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்கள், ஒரு முனைவர் பட்டம்! ஒன்பது குழாய்களை ஒரே கட்டாகச் சேர்த்து நிறுத்தியது போன்ற அமைப்பில், சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்தை உருவாக்கினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உலகின் உயரமான கட்டடம் அதுவே. கடன் சுமை முதுகை அழுத்தியிருந்தால், அந்த மூளை வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்குமா?

இன்று நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு அரசு, அண்ணல் அம்பேத்கர் பெயராலேயே அயலக உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மட்டுமல்ல, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் அதில் இடம் உண்டு. ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

ஒன்றிய அரசிடமும் ஒரு திட்டம் உண்டு. 1954-55 முதல் நடப்பது. மொத்தம் 125 இடங்கள். அவற்றுள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகிய இரு கூட்டத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எத்தனை தெரியுமா? நான்கு! காசுமீரம் முதல் குமரி வரை, நான்கே நான்கு! நாட்டைச் சோறூட்டி வளர்த்த கைக்கும், செதுக்கி எழுப்பிய கைக்கும் கொடுக்கப்பட்ட பங்கு இது. இது போதுமா என்று கேட்க வேண்டியது நம் கடமை அல்லவா?

இந்தத் திட்டங்களுக்குள் வராத பிள்ளைக்கும் வேறு பாதைகள் உண்டு. செருமனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சிலவற்றில் உண்டு. ஆனால் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். அந்தப் பணம் மாதாமாதம் மாணவர் கைக்கே திரும்பி வரும். சென்னை ஐஐடியிலோ கட்டடத் தொழில்நுட்பத்துக்கும் கட்டுமான மேலாண்மைக்கும் தனிப்பிரிவே இருக்கிறது. கேட் தேர்வில் வென்று எம்.டெக். சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கடல் கடப்பது பெருமைதான். கடனின்றிக் கற்பது அதைவிடப் பெருமை!

தோழர்களே! தரகன் வாசலுக்கு வருமுன் நாம் வாசலுக்குப் போவோம். படிப்பகத்துப் பலகையில் இந்தத் திட்டங்களை எழுதி வைப்போம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் உட்காரட்டும். பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், பிள்ளை பறக்கட்டும்! நாளை எழும் அணையின் கல்வெட்டில், தூக்குக்குண்டு பிடித்தவன் மகனின் பெயர் பொறியாளர் என்று பொறிக்கப்படட்டும்!